நோய் தீர வேண்டி முக்திநாத் செல்வோர் புறப்படுமுன் செய்ய வேண்டியவை

108 திவ்வியதேசங்களில் இரண்டு இந்த நிலவுலகில் இல்லை என்பது வைணவ மரபு. எஞ்சிய 106-இல் 105 இந்தியாவுக்குள் இருக்கின்றன. எல்லை தாண்டிப் போய்ச் சேவிக்க வேண்டிய ஒரே தலம், திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம். நேபாளத்தில் முஸ்தாங் மாவட்டத்திலுள்ள முக்திநாத்தையே அத்தலமாகக் கொண்டு தமிழ்நாட்டு யாத்திரிகர்கள் சென்று வருகிறார்கள். திருவரங்கம், திருமலை, பத்ரிநாத் முதலான எட்டு சுயம்வியக்தத் தலங்களிலும் சாளக்கிராமம் ஒன்று. கோயிலுக்குப் பின்புறம் அரைவட்டமாக அமைந்த 108 தாரைகளிலும் முன்புறமுள்ள இரண்டு குளங்களிலும் நீராடுவது இத்தலத்தின் முக்கிய வழிபாடு. திபெத்திய பௌத்தர்களுக்கும் இது புனித இடம். கோயில் பராமரிப்பில் பௌத்தப் பெண் துறவிகளுக்கும் பங்கு உண்டு.

பெயரில் முக்தி இருந்தாலும், வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த உடம்பின் துன்பத்தைச் சொல்லி முறையிடவே வருகிறார்கள். ஆறாத முட்டிவலி, பக்கவாதத்துக்குப் பின் திரும்பாத கை, பிள்ளையில்லாத ஏக்கம், அறுவைச் சிகிச்சைக்குப் பின் நேர்ந்துகொண்ட வேண்டுதல், வீட்டில் நேர்ந்த ஓர் இழப்புக்குப் பின் தூக்கம் போன மனம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். சுந்தரவரதப் பெருமாளைச் சேவித்து வளர்ந்த உத்திரமேரூர்க்காரர்களும், மானாம்பதி, சாலவாக்கம், பெருநகர், திருப்புலிவனம் பக்கத்துக் கிராமத்தாரும் காஞ்சிபுரத்துத் திவ்வியதேசங்களை முடித்துக்கொண்டு, வடநாட்டுத் தலங்களையும் சுற்றி, கடைசியாக எண்ணிப் பார்ப்பது இந்த மலையைத்தான். நோயோடு போகிறவர் ஆரோக்கியமானவரைவிடக் கூடுதலாக ஆயத்தம் செய்ய வேண்டும். கடல்மட்டத்தை ஒட்டிய ஏரிப் பாசன ஊரிலிருந்து புறப்பட்டு, 3,700 மீட்டருக்கும் மேலான உயரத்துக்குப் போகும் பயணம் இது. அதற்கான வேலை ஊரிலேயே, குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன் தொடங்க வேண்டும்.

காலம்

மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரையும் ஏற்ற பருவங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். பேனியிலிருந்து ஜோம்சோம் வழியாக முக்திநாத்துக்கு ஏறும் மலைச்சாலையில் அடிக்கடி மண் சரியும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பனியும் கடுங்குளிரும்.

இவ்விரண்டு பருவங்களில் விவசாயக் குடும்பத்துக்கு வசதியானது சித்திரை. நவரை அறுவடை முடிந்து சொர்ணவாரிக்கு நாற்று விடுமுன் கிடைக்கும் இடைவெளியில் வயலைப் பற்றிய கவலை குறைவு. நெல் விற்ற பணமும் கையில் இருக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் பெரியவர்களோடு துணைக்குச் செல்ல ஆள் கிடைக்கும். புரட்டாசியில் பெருமாளைச் சேவிக்கும் ஆசை நியாயமானது. ஆனால் அப்போது சம்பா வயலில் நிற்கும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், நேபாளத்தில் தசைன் பண்டிகைக் கூட்டத்தால் பேருந்தும் அறையும் கிடைப்பது அரிதாகும். சித்திரையில் ஒரு குறை உண்டு: கோரக்பூரும் எல்லைப்புறச் சமவெளியும் கடும் வெயிலில் காயும். ரயிலில் வரும் முதியவர்கள் அங்கே ஒரு நாள் தங்கி, நீர்ச்சத்தை மீட்டுக்கொண்டு மேலே போவது நல்லது.

உடம்பு

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். முக்திநாத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. நலமாக இருப்பவரின் உடம்பு மூச்சையும் இதயத் துடிப்பையும் கூட்டி இதை ஈடுசெய்கிறது. அடைப்புள்ள இதயத்துக்கும், ஆஸ்துமாவால் சுருங்கிய நுரையீரலுக்கும், ரத்தம் குறைந்த உடம்புக்கும் இந்தக் கூடுதல் வேலை பெருஞ்சுமை.

ஆகவே முதல் வேலை மருத்துவரைப் பார்ப்பது. உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஹீமோகுளோபினும் பார்த்துக்கொள்ளலாம். ஐம்பது வயது கடந்தவர்களும், சர்க்கரையோ இதய நோயோ உள்ளவர்களும் காஞ்சிபுரம் அல்லது செங்கல்பட்டு மருத்துவமனையில் ஈ.சி.ஜி., எக்கோ எடுத்து, இதய மருத்துவரிடம் "3,700 மீட்டருக்கு மேல் போகலாமா" என்று உயரத்தைச் சொல்லியே கேட்க வேண்டும். "கோயிலுக்குப் போகிறேன்" என்று மட்டும் சொன்னால் திருப்பதியை மனத்தில் வைத்து அவர் தலையசைத்துவிடக்கூடும்.

ரத்தசோகையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கிராமத்துப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படுவதும், வழக்கமான களைப்பு என்று அவர்களே ஒதுக்கிவிடுவதும் அதுதான். ஹீமோகுளோபின் குறைந்தவர் மலையில் மற்றவர்களைவிட முன்னதாகவே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். இரும்புச்சத்து மாத்திரை பலன் தர இரண்டு மூன்று மாதம் ஆகும். மூன்று மாதம் முன்பே தொடங்கச் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சில நிலைகளில் பயணத்தையே தள்ளிப்போட வேண்டும். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்து மருத்துவர் இன்னும் அனுமதி தராதவர்கள், உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்குகிறவர்கள், கட்டுக்கு வராத வலிப்பு உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், கருவுற்ற பெண்கள் இவ்வகையினர். வீட்டிலுள்ள மற்றொருவர் இவர்களுக்காகச் சென்று பிரார்த்தித்து வருவது நம் வழக்கத்துக்குப் புதிதல்ல. பிள்ளைக்காகத் தாய் மண்சோறு உண்பதும், கணவனுக்காக மனைவி அங்கப்பிரதட்சணம் செய்வதும் நம் கோயில்களில் அன்றாடம் நடக்கிறது.

நடைப்பயிற்சிக்கு உத்திரமேரூர் ஏரிக்கரை நல்ல இடம். தினமும் காலையில் அரை மணி நேரத்தில் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குக் கொண்டுவரலாம். ஆனால் கரை சமதரை. மலைக்குப் படியேறிப் பழக வேண்டும். காஞ்சிபுரத்து வரதர் சந்நிதிக்கு ஏறும் 24 படிகள் இதற்குப் போதாது. திருக்கழுக்குன்றம் வேதகிரீசுவரர் மலைக்கு 560-க்கும் மேற்பட்ட படிகள். வாரம் ஒருமுறை, வெயிலுக்கு முன் ஏறி இறங்கிப் பார்த்தால் உடம்பின் நிலை தெரிந்துவிடும். பாதி வழியில் நெஞ்சு அழுத்துவதோ கண் இருள்வதோ நேர்ந்தால் அங்கேயே நிறுத்தி, மருத்துவரிடம் போக வேண்டும். முக்திநாத்தில் ஜீப் நிற்கும் ராணிபௌவாவிலிருந்து கோயில் வரை அரை மணி நேர ஏற்றமும் படிகளும் உண்டு. குதிரை கிடைக்கும், முட்டிவலிக்காரர்கள் முதலிலேயே குதிரைக்குப் பணம் ஒதுக்கிவைத்துக்கொள்ளலாம்.

மருந்துப் பை

வேண்டுதலோடு புறப்படுகிறவர்கள் செய்துவிடக்கூடிய மிக ஆபத்தான காரியம், மாத்திரையை நிறுத்துவது. தீர்த்தத்தை நம்பிப் போகும்போது மாத்திரை சாப்பிடுவது நம்பிக்கைக் குறைவு என்று யாராவது சொல்லக்கூடும். மருந்தை விலக்குவது பக்தியின் அடையாளம் அல்ல. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு, மனநோய், இதயம் ஆகியவற்றுக்கான மருந்துகள் ஒரு வேளைகூடத் தவறாமல் தொடர வேண்டும். குறிப்பாக ஸ்டென்ட் வைத்தவர்களின் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை இடையில் விட்டால் உயிருக்கே ஆபத்து.

2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிறவர்கள், கிராமத்துக்கு வரும் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பயண நாளைச் சொல்லி முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும். பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே எடுத்துச் செல்ல வேண்டும். மண் சரிந்து சாலை அடைபட்டால் அந்தக் கூடுதல் காப்பாற்றும். பாதி மருந்து பயணியின் தோள்பையிலும் பாதி துணைவரின் பையிலும் இருக்கட்டும். பெட்டியில் போட்டு ஜீப்பின் கூரையில் ஏற்றிவிடக் கூடாது. மருந்தின் பெயர், அளவு, எந்த நோய்க்கு என்பதை மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதி முத்திரையிட்டுத் தந்த தாள் ஒன்று சட்டைப்பையில் இருக்க வேண்டும். "வெள்ளை மாத்திரை காலையில் ஒன்று" என்ற விவரம் ஜோம்சோம் மருத்துவருக்கு உதவாது.

இன்சுலின் உறைந்தால் பயனற்றுப்போகும். குளிரில் அதை உள்சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். சமவெளி வெயிலில் நேர்மாறாகக் குளிர்ச்சியான உறை தேவை. சர்க்கரை பார்க்கும் கருவி கடுங்குளிரில் தவறாகக் காட்டலாம். அதையும் கதகதப்பாக வைத்துப் பிறகே பார்க்க வேண்டும்.

பெருமாளைச் சேவிக்கும் வரை எதுவும் உண்பதில்லை என்று விரதம் இருப்பவர்கள் பலர். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்து ஏற்றம் ஏறினால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். வியர்வையும் நடுக்கமும் குழப்பமும் வந்து விழுபவரைப் பார்த்து, அருள் வந்ததாகவோ குளிர் என்றோ சுற்றியிருப்பவர்கள் எண்ணிவிடுவார்கள். இவர்கள் பாலோ பழமோ எடுத்துக்கொண்டே ஏற வேண்டும். கற்கண்டோ வெல்லமோ எப்போதும் கையில் இருக்கட்டும்.

மனத்துயருக்காகச் செல்பவர்களைத் தனியே அனுப்பக் கூடாது. உயரத்தில் தூக்கம் கெடுவது இயல்பு. தூக்கமின்மை மன அழுத்தத்தையும் மனக்கொந்தளிப்பையும் கிளறும். லித்தியம் எடுத்துக்கொள்பவர்களுக்கு உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகும். மனநல மருத்துவரிடம் சொல்லிவிட்டே புறப்பட வேண்டும். இவர்கள் நிலையை அறிந்த ஒருவர், அக்காவோ அண்ணனோ பிள்ளையோ, இரவில் அதே அறையில் தங்க வேண்டும்.

உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. ஏறுவதற்கு முதல் நாளே தொடங்க வேண்டும். சல்பா ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆகாது. ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டையும் தாமாகச் சேர்க்கக் கூடாது. உடன் வருபவர் கொடுத்தார் என்று வாங்கி விழுங்காமல், தம் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆவணங்கள்

இந்தியர்கள் நேபாளம் செல்ல விசா தேவையில்லை. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையம் வழங்கிய வாக்காளர் அடையாள அட்டை போதும். ஆதார் மட்டும் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர் டெல்லியில் காத்மாண்டு விமானத்தில் ஏற முடியாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும் சலுகை உண்டு. வயதையும் அடையாளத்தையும் காட்டும் புகைப்படத்தோடு கூடிய ஆதார், பான் அட்டை போன்ற ஒன்று இருந்தால் அவர்கள் செல்லலாம்.

தமிழருக்கே உரிய தொல்லை இனிஷியல். வாக்காளர் அட்டையில் ஓர் எழுத்து, ஆதாரில் தந்தை பெயர் முழுவதும், பயணச்சீட்டில் கணவர் பெயர் என்று மூன்று விதமாக இருந்தால் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். எந்த அட்டையைக் காட்டப் போகிறாரோ அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து சீட்டு எடுக்க வேண்டும். அட்டையில் திருத்தம் வேண்டுமென்றால் அதற்கும் மாதக்கணக்கில் ஆகும்.

பாஸ்போர்ட் கட்டாயம் இல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்வது மேல். வெளிநாட்டு மருத்துவக் காப்பீட்டுக்குப் பெரும்பாலும் அதன் எண்ணைக் கேட்பார்கள். பின்னால் கயிலாயம் போக நினைத்தால் அது இல்லாமல் முடியாது. உத்திரமேரூர்க்காரர்களுக்குத் தாம்பரத்திலுள்ள பாஸ்போர்ட் சேவை மையம் போய்வர எளிது. சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். காவல்துறைச் சரிபார்ப்புக்கு ஊரில் இருக்க வேண்டுமென்பதால் அறுவடை நெருக்கடியில் விண்ணப்பிக்காமல் இருப்பது நல்லது.

முக்திநாத் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் இருப்பதால் நுழைவு அனுமதிச்சீட்டு தேவை. சார்க் நாட்டவர்க்குக் கட்டணம் குறைவு. பொக்காராவில் வாங்கலாம், பாஸ்போர்ட் அளவு புகைப்படங்களும் அடையாள அட்டை நகல்களும் கையோடு கொண்டு போக வேண்டும்.

பணம், டூர்காரர், காப்பீடு

இப்பயணத்துக்கு உகந்த பணம் சேமித்த பணம். மாதச் சீட்டு போட்டு எடுத்த தொகையோ நெல் விற்ற மிச்சமோ சரி. நகையை அடகு வைத்தோ, வேறு தேவைக்கு மகளிர் குழுவில் வாங்கிய கடனை இதற்குத் திருப்பிவிட்டோ போவது, திரும்பி வந்தபின் இன்னொரு நோயாக வீட்டில் தங்கிவிடும். சிகிச்சைக்கு வைத்திருக்கும் தொகையை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது.

குழுவாக அழைத்துப்போகும் டூர்காரரிடம் சில கேள்விகளை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஜோம்சோமுக்கு விமானமா, ஜீப்பா? வானிலையால் விமானம் ரத்தானால் அந்தப் பணம் என்ன ஆகும்? மேலே ஏறுமுன் எங்கே இரவு தங்கல்? ஆக்சிஜன் உருளை உடன் வருமா? ஒருவருக்கு முடியாமல் போனால் அவரோடு கீழே இறங்குவது யார்? பதிலை ரசீதோடு சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஐ.ஆர்.சி.டி.சி.யும் நேபாளச் சுற்றுலாக்களை நடத்துகிறது. விலையை ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

"இந்தத் தீர்த்தத்தில் குளித்தால் சர்க்கரை போகும், குழந்தை பிறக்கும்" என்று துண்டுப்பிரசுரம் அடித்துப் பணம் வாங்குகிறவர்களை அண்டக் கூடாது. சர்க்கரை நோய், புற்றுநோய், வலிப்பு, பக்கவாதம், பெண்களின் குழந்தையின்மை உள்ளிட்ட நோய்களை மந்திரத்தாலோ தாயத்தாலோ தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. பெருமாளிடம் கேட்பது பக்தரின் உரிமை. அவர் தருவார் என்று இடையில் நின்று விலை பேச யாருக்கும் உரிமையில்லை. வழியில் விற்கும் சிலாஜித்து, மலை மூலிகை, யார்சகும்பா போன்றவற்றை மருந்தாக வாங்கி உண்பதும் வேண்டாம். அவற்றின் தரத்துக்கு யாரும் பொறுப்பில்லை, சிறுநீரகம் கெடலாம்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை நேபாள மருத்துவமனையில் செல்லாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும்: 4,000 மீட்டர் வரையாவது உயரம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, ஹெலிகாப்டரில் இறக்கும் செலவு அடங்குமா, ஏற்கெனவே உள்ள நோய்க்கு விலக்கு உண்டா. நோயை மறைத்து எடுத்த காப்பீட்டில் பணம் வராது.

ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது 1993 முதல் மாறாத விகிதம். கடைகளில் விலை சொல்லும்போது 'ஐ.சி.' என்றால் இந்தியப் பணம், 'என்.சி.' என்றால் நேபாளப் பணம். எது என்று கேட்டுக்கொள்ளாமல் கொடுக்கக் கூடாது. 100 ரூபாய்த் தாள்களாக எடுத்துச் செல்வது சிக்கலற்றது. பெரிய தாள்கள் குறித்த விதிகள் அவ்வப்போது மாறிவந்திருப்பதால் புறப்படுமுன் வங்கியில் கேட்டுக்கொள்ள வேண்டும். நகரங்களில் யு.பி.ஐ. ஏற்கும் கடைகள் வந்துவிட்டன. மலையில் ரொக்கத்தையே நம்ப வேண்டும்.

வழியும் தங்கலும்

சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயிலில் ஏறத்தாழ இரண்டு நாள். அங்கிருந்து சுனௌலி எல்லை பேருந்தில் மூன்று மணி நேரம். எல்லையைத் தாண்டிப் பொக்காரா போக மலைப்பாதையில் ஒரு முழுப் பகல். விமானத்தில் போகிறவர்கள் டெல்லி, காத்மாண்டு வழியாகப் பொக்காரா சேரலாம். நேபாள நேரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முன்னால் இருக்கிறது. அதிகாலை விமானத்துக்கு இந்த 15 நிமிடம் முக்கியம்.

பொக்காரா 820 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜோம்சோம் 2,700 மீட்டருக்கு மேல். ஜீப்பில் எட்டு முதல் பத்து மணி நேரக் குலுக்கல். விமானத்தில் இருபது நிமிடம். காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலுக்கு மேல் பலத்த காற்று எழுவதால் விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கும். மேகம் மூடினால் நாள் முழுதும் ரத்தாகும். 2022 மே மாதம் இதே தடத்தில் ஒரு சிறு விமானம் மலையில் மோதி, நான்கு இந்தியர் உட்பட 22 பேரும் இறந்தார்கள். விமானம் தாமதமானால் விமானியை நெருக்குவதும் ஊழியரோடு சண்டையிடுவதும் தகாது. திட்டத்தில் இரண்டு நாள் உபரியாக வைத்திருப்பவருக்கு அந்த அவசரமே வராது.

பொக்காராவில் காலை உணவு உண்டு மறுநாள் காலைக்குள் முக்திநாத்தில் நின்று, உடனே திரும்பும் பயணத்திட்டங்கள் விற்கப்படுகின்றன. நலமானவருக்கே அது கடினம். நோயாளிக்குக் கூடவே கூடாது. 2,500 மீட்டரைத் தாண்டியதும் உடம்புக்கு அவகாசம் வேண்டும். மார்பா, ஜோம்சோம், காக்பேனி இவற்றில் ஒன்றில் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள் தங்கி, மெதுவாக நடந்து, நிறைய நீர் குடித்து, பிறகு ஏற வேண்டும். காக்பேனி காளிகண்டகிக் கரையில் பித்ரு காரியம் செய்யும் இடமும்கூட. முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய எண்ணுகிறவர்களுக்கு அந்த ஓய்வு நாள் இரட்டைப் பயன்.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை உயர நோயின் தொடக்கம். அந்த நிலையில் மேற்கொண்டு ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் கூடினால் இறங்கிவிட வேண்டும். சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டுவது, நுரையோடு இருமல், நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவென்றும் பாராமல் உடனே கீழே கொண்டுபோக வேண்டும். ஆக்சிஜன் கொடுப்பது இறங்கும் வரை தாக்குப்பிடிக்கத்தான், இறங்குவதே சிகிச்சை. சந்நிதி கண்ணெதிரே தெரியும்போது திரும்புவது எவ்வளவு வலிக்கும் என்பது உடன் செல்பவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆகவே யார் சொன்னால் எல்லோரும் இறங்குவது என்பதை ஊரிலேயே பேசி முடிவு செய்துவிட வேண்டும். மேலே போனபின் அந்தப் பேச்சு அழுகையிலும் பிடிவாதத்திலும் முடியும்.

உடைகளில் பஞ்சு உள்ளாடை, கம்பளிச் சட்டை, காற்றுப் புகாத மேற்சட்டை, காதை மூடும் தொப்பி, கையுறை, வழுக்காத காலணி வேண்டும். செருப்போடு போகக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது கட்டளை போன்றது. உணவில் பருப்பும் சோறும் எங்கும் கிடைக்கும். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்துச் சென்றால் பசியோடு இருக்க நேராது. விமானத்தில் கற்பூரம், தீப்பெட்டி, கொப்பரை கொண்டுபோக அனுமதியில்லை. அர்ச்சனைப் பொருட்களைப் பொக்காராவில் வாங்கிக்கொள்ளலாம்.

நீராடல்

108 தாரைகளிலும் விழுவது பனி உருகிய நீர். திடீரென்று அந்தக் குளிர் தலையில் விழும்போது மூச்சு இழுத்துக்கொள்ளும், ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இதய நோயாளிகளும், பக்கவாதம் வந்தவர்களும், எழுபதைக் கடந்தவர்களும், ஆஸ்துமாக்காரர்களும் தாரைகளின் கீழ் ஓடக் கூடாது. ஒவ்வொரு தாரையிலும் கையை நீட்டித் தொட்டுத் தலையில் தெளித்துக்கொள்ளலாம். முழுக முடியாதவர் தீர்த்தத்தைப் புரோட்சித்துக்கொள்வது நம் வீடுகளிலும் கோயில்களிலும் ஏற்கப்பட்ட முறை; நேர்த்திக்கடன் அதனால் குறைபடாது.

நீராடுகிறவர் வெயில் ஏறியபின், முதலில் கை கால் முகம் நனைத்து, பிறகு இறங்க வேண்டும். உலர்ந்த துணியும் போர்வையும் வைத்துக்கொண்டு ஒருவர் மறுமுனையில் நிற்க வேண்டும். நனைந்த புடவையோடு வரிசையில் நிற்பது முதியவர்களைக் குளிரில் விறைக்கச் செய்துவிடும். பெண்கள் உடை மாற்ற நேரம் பிடிக்கும் என்பதைக் குழுத்தலைவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

காளிகண்டகியில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்கள் 10 கோடி ஆண்டுகளுக்கும் முன் கடலாக இருந்த இடத்தில் வாழ்ந்த உயிர்களின் கல்லான உருவங்கள். பூஜைக்கு எடுத்துவர விரும்புகிறவர், வீட்டில் தினமும் திருவாராதனம் செய்ய ஆள் உண்டா என்று யோசித்து, நியமம் அறிந்த பெரியவரிடம் கேட்டுக்கொண்டு வாங்குவது முறை.

பிற பயணங்கள்

கயிலாய மானசரோவர் யாத்திரைக்கு இவ்வளவும் பொருந்தும், இன்னும் கடுமையாக. மானசரோவரே 4,500 மீட்டருக்கு மேல்; பரிக்கிரமாவில் கடக்கும் டோல்மா கணவாய் 5,600 மீட்டரை ஒட்டியது. இந்திய வெளியுறவு அமைச்சகம் நடத்தும் யாத்திரைக்கு 18 முதல் 70 வயது வரம்பும், உடல்நிறைக் குறியீடு 25-க்குள் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. மருத்துவப் பரிசோதனையில் தேறாதவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஹஜ் செல்லும் இஸ்லாமியருக்கும் எருசலேம் செல்லும் கிறிஸ்தவருக்கும் உயரம் சிக்கலில்லை. வெயில், கூட்டம், நெடுநடை ஆகியவையே சோதனை. ஹஜ்ஜுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். மருந்துப் பை, மருத்துவர் கடிதம், காப்பீடு பற்றிச் சொன்னவை அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

திரும்பியபின்

வந்த வாரத்திலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பயணத்தில் உணவும் தூக்கமும் மாறியதால் அளவுகள் மாறியிருக்கும். உடம்பு தேறியதாகத் தோன்றினாலும் மாத்திரையைக் குறைப்பது பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. சர்க்கரை நோயாளிகள் பாதத்தில் கொப்புளமோ புண்ணோ உண்டா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், சமவெளி வழியாகப் போய்வந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மலேரியாவும் டெங்குவும் அங்கே உண்டு.

முக்திநாத்துக்கும் மானசரோவருக்கும் சென்று வரும் இந்துக்களுக்குத் தமிழ்நாடு அரசு 2012 முதல் மானியம் வழங்கிவருகிறது. பயணத்தை முடித்தபின், இந்து சமய அறநிலையத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தொகை அவ்வப்போது மாறுவதால் அவ்வாண்டு அறிவிப்பைக் காஞ்சிபுரத்திலுள்ள அறநிலையத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். வாக்காளர் அட்டையில் எல்லை கடந்தவர்களிடம் பாஸ்போர்ட் முத்திரை இருக்காது. ஆகவே ரயில் சீட்டு, விமானச் சீட்டு, அன்னபூர்ணா அனுமதிச்சீட்டு, தங்கிய விடுதிகளின் ரசீது, டூர்காரர் தந்த ரசீது அனைத்தையும் அசலாக ஒரே உறையில் போட்டு, நகல் எடுத்து வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும்.